மின்தடையில் அணையாத விளக்கு

அத்தியாயம் ஏழு

ஒரு தெரு ஒருவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டிவிட்டால், அதன்பிறகு அது சாட்சியம் தேடுவதில்லை; கூட்டம் மட்டுமே சேர்க்கிறது. வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்குப் பின்புறம் புதிதாக எழுந்த குடியிருப்பின் கடைசித் தெரு அந்த வேலையைச் செம்மையாகச் செய்து முடித்திருந்தது. மணிமொழியின் வீட்டு வாசலில் எச்சில் இலைகள் கொட்டிக் கிடந்தன. இரும்புக் கதவில் யாரோ ஒற்றைச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

துப்பறிவாளர் குசுமாவதி ஸ்கூட்டரை நிறுத்தினார். பின்னால் அமர்ந்து வந்த உதவியாளன் அப்பாசாமி இறங்கிச் செருப்பை உற்றுப் பார்த்தான்.

"ஒத்தக் காலுதான் மேடம். ஜோடி யார் கால்ல இருக்குன்னு பார்த்தா பாதிக் கேஸ் முடிஞ்சுடும்."

"பேசாம வா."

"டிபன் பாக்ஸ எடுத்துக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள நீங்க சாப்பிடணும். இல்லைன்னா ராத்திரி பூரா பட்டினி கிடந்துட்டு, காலையில என்மேல எரிஞ்சு விழுவீங்க."

குசுமாவதி சமணர், சூரியன் மறைந்தபின் உண்பதில்லை. இன்று அந்தச் சூரியன் மறைவதற்குள் வேறொன்றும் நடக்கவிருந்தது. மணிமொழியின் தம்பி அறிவுமதியை மாலையில் நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்பப்போவதாகச் சப்-இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல் இறங்கியது.

"துப்பறிய வந்துட்டாங்கப்பா. அந்தப் பொறுக்கிய வெளிய எடுக்கறதுக்கு ஒரு பொம்பள, கூட ஒரு கோமாளி."

அது தருமன். பேருந்து நிலையத்துக்கு அருகே மின்சாதனக் கடை வைத்திருப்பவர். புகார் கொடுத்தவரும் அவரே. அவர் மகள் ஓவியாவின் புகைப்படங்களை ஆபாசமாகத் திருத்தி, ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவதாக அவள் கைப்பேசிக்கு மிரட்டல்கள் வந்தன. அவை புறப்பட்ட இணைய இணைப்பு எதிர்வீட்டு மணிமொழியின் பெயரில் இருப்பதாகக் காவல்துறை கண்டுபிடித்தது. அந்த வீட்டில் இருந்த இளைஞன் அறிவுமதி ஒருவன்தான். காவலர்கள் வருவதற்கு முன்பே தெரு அவனைக் கவனித்துவிட்டது.

"என்னைப் பத்தி கரெக்டா சொல்லிட்டாரு மேடம்" என்றான் அப்பாசாமி. "உங்களப் பத்திதான் விஷயம் தெரியல."

தெருமுனையில் மணிமொழி வந்துகொண்டிருந்தாள். அவள் கடக்கும்போது ஒவ்வொரு வீட்டுக் கதவும் சத்தத்தோடு மூடிக்கொண்டது. ஒரு பெண், அவள் நெருங்கும்வரை காத்திருந்து வாளித் தண்ணீரைத் தெருவில் வீசினாள். மணிமொழியின் புடவைக் கரை நனைந்தது. அவள் சுவரோரம் ஒதுங்கவில்லை; வேகத்தைக் கூட்டவும் இல்லை. நடுத்தெருவிலேயே நடந்து வந்து, செருப்பை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"ஸ்டேஷன்லேர்ந்துதான் வர்றேங்க. தம்பிக்கு உதடு கிழிஞ்சிருக்கு. இவங்க அடிச்சதுதான். உள்ள வாங்க."

உள்ளே மின்விசிறியின் இரைச்சல் மட்டும் இருந்தது. குசுமாவதி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கடைசி மெரட்டல் எப்ப வந்ததும்மா?"

"போன வாரம் மாசாந்திர கரண்ட் கட் அன்னிக்கு. காலையில கரண்ட் போயி கொஞ்ச நேரத்துல அந்த மெசேஜ் வந்துச்சாம். அதுவும் எங்க லைன்லேர்ந்துதான் போயிருக்குன்னு சொல்றாங்க."

"கரண்ட் இல்லாதப்ப உங்க வீட்டு நெட் எப்படி வேலை செய்யும்?"

"ஃபேனே ஓடாதுங்க. இன்வெர்ட்டர் கிடையாது. எஸ்.ஐ. கிட்டயும் சொன்னேன். பேட்டரிய எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான்னு சொல்லிட்டாரு."

"தேடிப் பார்த்தாங்களா?" என்று கேட்டான் அப்பாசாமி.

"இல்லீங்க."

"இல்லாத பொருளத் தேடறது ஜாஸ்தி சிரமம்தான்."

குசுமாவதி அண்ணாந்து பார்த்தார். கதவுக்கு மேலே, சுவரில் அறைந்த பலகையில், இணையம் தரும் வெள்ளை ரவுட்டர் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பெட்டியின் நெற்றியில் காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவே கருத்துப்போன குங்குமம்.

"ஆயுத பூஜைக்கு வச்சீங்களா?"

மணிமொழி சற்றுத் தயங்கினாள். "அப்பா ஆவணியில தவறிட்டாருங்க. இந்த வருஷம் எங்க வீட்ல எந்தப் பண்டிகையும் இல்ல. சாமி படத்துக்கே பூ வைக்கல. அது நெட் கனெக்ஷன் குடுக்கற காசி கடையில வச்சதா இருக்கும். நெட் ஸ்லோவா இருக்குன்னு சொன்னோம். பெட்டியக் கழட்டிட்டுப் போயி, சரிபண்ணி மாட்டிட்டுப் போனாரு."

"எப்ப கழட்டினாரு?"

"கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. ஊர்ல கும்பல் சேர்றதுக்குள்ள மாட்டிடறேன்னாரு."

குசுமாவதி நாற்காலியிலேயே நின்றபடி அப்பாசாமியைப் பார்த்தார். அவனுக்கும் புரிந்திருந்தது.

"ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு எவன் மேடம் பொட்டு வைப்பான்? சரஸ்வதியே எழுந்து போயிருப்பாங்க."

"அப்படின்னா பூஜையன்னிக்கு இந்தப் பெட்டி இந்த வீட்ல இல்ல." அவர் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார். "கரண்ட் கட் அன்னிக்கு எதிர்வீட்ல யார் இருந்தாங்க?"

"யாருமில்லீங்க. செங்கம் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு எல்லாரும் போயிட்டாங்க. வீடு பூட்டியிருந்துச்சு. கோயில்ல நிக்கும்போதுதான் ஓவியாவுக்கு அந்த மெசேஜ் வந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"அவங்க வீட்ல இன்வெர்ட்டர்?"

"இல்லீங்க. ஊருக்கெல்லாம் விக்கிறவரு வீட்டுக்கு வைக்கல."

கீழே இறங்கிய குசுமாவதி கையில் ஒட்டிய சந்தனத் துகளைத் தட்டிவிட்டார்.

*

காசியின் கடை செங்கம் சாலையில் இருந்தது. கேபிள் டிவி காலத்தில் தொடங்கி, இணையத்துக்கு மாறிய கடை. வேங்கிக்காலின் பாதி வீடுகளுக்கு அவனே இணைப்புத் தருபவன். குசுமாவதியைக் கண்டதும் அவன் எழவில்லை.

"போலீசுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்துட்டேன். உங்களுக்கு என்னாத்துக்கு நான் பதில் சொல்லணும்?"

"போலீசுக்கு என்ன குடுத்தீங்க?"

"அந்த நேரத்துல அந்த லைன்ல இருந்தது யாருன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல பார்த்து பேரச் சொன்னேன். அவ்வளோதான்."

"கம்ப்யூட்டருக்கு ஆள் எப்படித் தெரியும்?"

"பெட்டிக்கு அடியில நம்பர் இருக்குல்ல. அந்த நம்பர் யார் பேர்ல ஏத்தியிருக்கோமோ அவங்க பேரு வரும். ஏம்மா, வியாபார நேரத்துல வந்து பாடம் கேக்கறீங்களா?"

மூலையில் ஒரு மஞ்சள் துணிப்பை சாய்ந்து கிடந்தது. அப்பாசாமி அதிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமீது அடுக்கினான். எல்லாம் ஒரே வெள்ளை. ஒன்றின்மீதும் பெயர் இல்லை.

"அண்ணே, பிரசவ ஆஸ்பத்திரியிலகூட குழந்தை கையில ஒரு பட்டை கட்டுவாங்க. நீங்க எதுவும் கட்டலியே. எது யாரு வீட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. தெரிஞ்சு என்னா ஆவப்போவுது? தீபத்துக்கு முன்னாடி அந்தத் தெருவுல ஸ்லோ, ஸ்லோன்னு ஒரே கம்ப்ளைன்ட். நாலஞ்சு வீட்டுப் பெட்டிய ஒரே பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். ரீசெட் அடிச்சேன். மாட்டிட்டு வந்தேன். எந்தப் பெட்டி எந்த வீட்ல இருந்தாலும் நெட்டு ஓடு..."

காசி அங்கே நிறுத்திக்கொண்டான். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே அப்போதுதான் கேட்டவன்போல் இருந்தது அவன் முகம்.

குசுமாவதி தன் கைப்பேசியை நீட்டினார். "இது மணிமொழி வீட்ல இப்ப மாட்டியிருக்கற பெட்டி. நம்பரப் போட்டுப் பாருங்க."

காசி மெதுவாகத் தட்டினான். திரையில் தருமனின் பெயர் வந்தது.

"அப்ப மணிமொழி பேர்ல இருக்கற பெட்டி..." என்றான்.

"தருமன் வீட்லதான் இருக்கணும். அங்கேர்ந்து எது போனாலும் இவங்க பேர்லதான் பதிவாகும்."

"அப்படின்னா அந்தாளு வீட்லேர்ந்தேதான் மெரட்டல் போயிருக்குதா? அதெப்படிங்க? அன்னிக்கு வீடு பூட்டிக் கிடந்துச்சு. நானே பில்லுக்குப் போயித் திரும்பினேன். தெருவுல கரண்டும் இல்ல."

"பூட்டின வீடு. உள்ள ஆளில்ல. கரண்டில்ல. ஆனா உள்ளேர்ந்து மெசேஜ் போகுது" என்று விரல் மடக்கினான் அப்பாசாமி. "மேடம், இது நம்ம டிபார்ட்மென்ட்டா, பூசாரி டிபார்ட்மென்ட்டா?"

"நம்ம டிபார்ட்மென்ட்தான். காசி, எல்லாப் பெட்டிக்கும் என்ன பாஸ்வேர்ட் போட்டிருக்கீங்க?"

"கம்பெனி குடுத்ததுதான். மாத்தறதில்ல. மாத்தினா எனக்கே மறந்துடும்." காசி எழுந்து செருப்பை மாட்டினான். "நான் இப்பவே போயி ரெண்டு பெட்டியையும் அணைச்சு இடம் மாத்திடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

குசுமாவதி கதவை மறித்து நின்றார்.

"அணைச்சீங்கன்னா அறிவுமதிய நீங்கதான் உள்ள அனுப்பறீங்க."

"பக்கத்துலயே உங்களுக்கும் ஒரு பாய் போட்டு வைப்பாங்கண்ணே" என்றான் அப்பாசாமி. "பெட்டி மாறலாம், பாய் மாறாது. வாங்க, எங்ககூட. உங்க மூஞ்சியக் காட்டினாதான் அந்த வீட்டுக் கதவு தொறக்கும்."

*

வேங்கிக்காலில் சூரியன் மலைக்குப் பின்னால் மறைவதால், பொழுது சற்று முன்னதாகவே சாய்ந்துவிடும். அவர்கள் திரும்பியபோது மலையின் நிழல் தெருவின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. தருமன் காசிக்குக் கதவைத் திறந்தார். அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற இருவரைக் கண்டதும் மூட முயன்றார். அதற்குள் அப்பாசாமியின் கால் உள்ளே இருந்தது.

"நெட் செக்கிங் சார். நாங்களும் காசியண்ணன் ஆளுங்கதான்."

"வெளிய போங்கடா."

"போறோம்" என்றார் குசுமாவதி. "உங்க பொண்ணு படத்தத் திருடினவன் இருக்கற எடத்தக் காட்டிட்டுப் போறோம்."

தருமனின் கை கதவிலிருந்து தளர்ந்தது.

அந்த வீட்டில் பொட்டு இல்லாத பொருளே இல்லை. அழைப்பு மணி, மோட்டார் சுவிட்ச், குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், இருசக்கர வண்டியின் முகப்பு என்று அனைத்திலும் ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்திருந்தது. கூடத்தில், பெரிய அண்ணாமலையார் படத்துக்கு முன்னிருந்த தட்டில், ரவுட்டர் பச்சை விளக்குகளோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் நெற்றி மட்டும் வெறுமையாக இருந்தது.

"இந்த வீட்ல பொட்டில்லாம இருக்கறது ரெண்டே பேரு மேடம்" என்றான் அப்பாசாமி. "அந்தப் பெட்டி. அப்புறம் நான்."

உள்ளறைக் கதவருகே ஓவியா வந்து நின்றாள். புகாருக்குப் பிறகு அவள் கல்லூரிக்கு அனுப்பப்படவில்லை. அவள் கைப்பேசி தருமனின் சட்டைப்பையில் இருந்தது.

"நீ உள்ள போ" என்றார் தருமன்.

அவள் போகவில்லை.

"சார், வீட்ல இருக்கற எல்லா ஃபோனையும் அணைங்க" என்றார் குசுமாவதி. "டிவியும்."

"எதுக்கு?"

"அணைங்க. நானும் அணைக்கறேன்."

காசியும் அப்பாசாமியும் அணைத்தார்கள். தருமன் முணுமுணுத்தபடி இரண்டு கைப்பேசிகளையும் அணைத்தார். வீட்டில் இணையத்தைக் கேட்பதற்கு இப்போது ஒரு கருவியும் இல்லை. ஆனாலும் பெட்டியின் ஒரு பச்சை விளக்கு மட்டும் மூச்சிரைக்க ஓடுபவனின் நாடியைப்போல் துடித்துக்கொண்டே இருந்தது. காசி அதன் அருகில் குனிந்து, அடியிலிருந்த எண் மணிமொழியின் பேரில் உள்ளதுதான் என்று பார்த்துவிட்டு, விளக்கைக் கவனித்தான்.

"டேட்டா போவுதுங்க" என்றான் தாழ்ந்த குரலில். "யாருமே கேக்கல. ஆனா போவுது, வருது."

"அதுதான் உங்க வீட்டுத் திருடன்" என்றார் குசுமாவதி. "வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ உக்காந்திருக்கறவன், மாத்தாத பாஸ்வேர்ட் வழியா இதுக்குள்ள ஒரு வைரஸ ஏத்தியிருக்கான். அவன் யாருக்கு எதை அனுப்பினாலும் உங்க வீட்லேர்ந்து போன மாதிரிதான் தெரியும். வீடு பூட்டியிருந்தாலும் போகும்." பிறகு ஓவியாவிடம் திரும்பினார். "உன் படமெல்லாம் இருக்கற அக்கவுன்ட்டுக்குள்ள போறப்ப, எப்பவாவது பாஸ்வேர்ட் புதுசா கேட்டுச்சா?"

ஓவியா யோசித்தாள். "ஒரு தரம் கேட்டுச்சு. போட்டேன். தப்புன்னு சொல்லி மறுபடியும் கேட்டுச்சு. ரெண்டாவது தரம் போட்டதும் எப்பவும்போல ஓப்பன் ஆயிடுச்சு."

"முதல்ல கேட்டது அவன். நீ போக வேண்டிய எடத்துக்குப் பதிலா, அதே மாதிரி இருக்கற அவன் எடத்துக்கு இந்தப் பெட்டி உன்னைத் திருப்பி விட்டிருக்கு. நீ தப்பு பண்ணல. அறிவுமதியும் பண்ணல."

தருமன் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல. "கத நல்லாருக்கு. அந்தப் பையன் லைன்னு போலீசே சொல்லிச்சு."

"சார், என் தப்புதான்" என்றான் காசி. "பெட்டி மாறிப்போச்சு. இது அவங்க பேர்ல இருக்குது. உங்க பெட்டி அங்க இருக்குது. நீங்க வச்ச பொட்டோடவே இருக்குது."

தருமன் காசியைப் பார்த்தார். பிறகு பொட்டில்லாத பெட்டியைப் பார்த்தார். கடையில் நாள் முழுவதும் பொருள்களைக் கையாள்பவருக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. இன்னும் கடுமையான ஒன்று வந்தது.

குசுமாவதி கைப்பேசியை உயிர்ப்பித்துச் சப்-இன்ஸ்பெக்டரை அழைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் எரிச்சலோடு வந்தது.

"அம்மா, பையன வேன்ல ஏத்திட்டேன்."

"இறக்குங்க சார். மெரட்டல் அனுப்பின பெட்டி தருமன் வீட்ல ஓடிக்கிட்டு இருக்கு. காசி சாட்சி."

"அதத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க."

"தூக்க முடியாது. அந்த வைரஸ் கரண்ட் இருக்கறவரைக்கும்தான் உயிரோட இருக்கும். பிளக்கப் புடுங்கின நிமிஷம் பெட்டி நிரபராதி ஆயிடும். சைபர் ஆள கூட்டிக்கிட்டு நீங்கதான் வரணும்."

"வர்றேன். அதுவரைக்கும் பையன் ஸ்டேஷன்ல இருக்கட்டும். அங்க ஒண்ணும் இல்லைன்னா உங்களையும் சேர்த்து எழுதிடுவேன்."

அவர் துண்டித்தபோது தருமன் ரவுட்டருக்கு அருகே நின்றிருந்தார். அவர் விரல் சுவரிலிருந்த சுவிட்சின்மீது இருந்தது.

"புடுங்கினா நிரபராதி. அப்படித்தான சொன்ன?"

"சார், வேணாம்" என்றான் காசி.

"தெருவக் கூட்டினது நானு. முதல் அடி வச்சது நானு. இப்ப ஜீப்பு வந்து என் வீட்டு வாசல்ல நிக்கணுமா? என் வீட்லேர்ந்துதான் என் பொண்ணு படமே போச்சுன்னு ஊரு பேசணுமா? அதுக்கு எவனோ ஒருத்தன் உள்ள போறது மேலு."

காசி பாய்ந்தான். குசுமாவதி கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

"அவர் அணைக்கட்டும்."

தருமன் அவரை வெறுப்போடு பார்த்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. பெட்டியின் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த ஒற்றை விளக்கு முன்போலவே துடித்தது. தருமன் சுவிட்சை மேலும் கீழும் தட்டினார். விளக்குகள் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"கரண்ட் கட் அன்னிக்கு இன்வெர்ட்டர் இல்லாத வீட்ல இது எப்படி ஓடுச்சுன்னு கேட்டதுலேர்ந்து யோசிக்கறேன்" என்றார் குசுமாவதி. "கம்பி படத்துக்குப் பின்னாலதான் போகுது, பாருங்க."

அப்பாசாமி அண்ணாமலையார் படத்தைப் பக்தியோடு சற்றே நகர்த்தினான். பின்னால், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்பு பேட்டரிப் பெட்டி. சுவரிலிருந்து வந்த கம்பி அதற்குள் நுழைந்து, அதிலிருந்து ரவுட்டருக்குச் சென்றது. மேலே விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் இருந்தது.

"சார், உங்க கடைச் சரக்கு" என்றான் அவன். "நல்ல பொருள். தைரியமா விக்கலாம்."

"நான்தான் எடுத்துட்டு வந்து மாட்டினேன்" என்றாள் ஓவியா. "கரண்ட் போனா ஆன்லைன் டெஸ்ட் பாதியில நின்னுடுதுன்னு உங்ககிட்ட எவ்வளவோ தரம் கேட்டேன். நீங்க காதுலயே போட்டுக்கல."

தருமன் கம்பியைப் பற்ற எட்டினார். ஓவியா குறுக்கே வந்து நின்றாள். அவள் முதுகு பெட்டியை மறைத்தது.

"நகரு."

"இழுங்க. அப்புறம் நான் நடுத்தெருவுல நின்னு சொல்லுவேன். திருடு போனது நம்ம வீட்லேர்ந்துதான், எங்கப்பாவுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அத அணைச்சாருன்னு. என் படத்த அவன் ஊருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"உன் மானத்துக்குத்தான்டி இவ்வளவும் பண்ணேன்."

"என் ஃபோனக் குடுங்க."

தருமனின் கை காற்றிலேயே நின்றது. நெடுநேரம் கழித்து அது சட்டைப்பைக்குள் போனது. அவள் கைப்பேசியை எடுத்து, அவளிடம் கொடுக்காமல், தட்டின்மீது வைத்தது. அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

வெளியே நிழல் தெரு முழுவதையும் மூடியிருந்தது. டிபன் பாக்ஸ் ஸ்கூட்டரிலேயே இருந்தது.

"மேடம், பொழுது போயிடுச்சு" என்றான் அப்பாசாமி. இம்முறை அவன் குரலில் கேலி இல்லை.

"பரவால்ல. நீ சாப்பிடு."

ஜீப் தெருவுக்குள் திரும்பும் ஓசை கேட்டது. சற்று முன்புவரை சாத்திக் கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஜீப் எந்த வீட்டின்முன் நிற்கிறது என்று பார்ப்பதற்காக வாசல்களில் ஆள்கள் கூடினார்கள். தருமன் ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தார். நேற்றுவரை அவர் குரலுக்கு ஓடிவந்த முகங்கள் அவை. எதிர்வீட்டு வாசலில் மணிமொழி தனியாக நின்றிருந்தாள்.

அவர் குசுமாவதியின் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படிம்மா நடப்பேன்?"

குசுமாவதி காவலர்களுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்தார்.

"மணிமொழி நடந்த மாதிரி நடங்க."